கடுக்காயும் காவியும்

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் நாட்டு மருந்துக் கடைகள் இன்றும் உள்ளன. அக்கடை வாயிலில் நின்றால் சுக்கு, திப்பிலி, வசம்பு முதலியவற்றின் மணம் ஒன்றோடொன்று கலந்து வீசும். ஒரு நாள் மாலை, பள்ளி விட்டதும், நான்கு மாணவர்கள் அத்தகைய கடையொன்றின் முன் வந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக் கடுக்காய், அன்னபேதி, படிகாரம், மஞ்சிட்டி, வெங்காரம், காவிக்கல் என்று வரிசையாகப் படித்தான். கடைக்காரர் முதியவர். "கடுக்காய் சரி தம்பி, வயிற்றுக்கு ஆகும். அன்னபேதியும் வெங்காரமும் எதற்கு? வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று வினவினார். "யாருக்கும் ஒன்றுமில்லை, ஐயா. எல்லாம் எங்கள் வேதியியல் வகுப்புக்கு" என்றான் அவன். முதியவர் நகைத்துக்கொண்டே பொட்டலங்களைக் கட்டினார். அன்னபேதிப் பொட்டலத்தின்மேல் மட்டும் 'வாயில் வைக்கலாகாது' என்று எழுதிக் கொடுத்தார்.

பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் புட்டிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவ்வகுப்பின் ஆசிரியர் மாணவரை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் துணிக்குச் சாயம் ஏற்றியவரும், சுவரில் ஓவியம் தீட்டியவரும், செம்பை உருக்கித் திருமேனி வார்த்தவரும் நூற்றாண்டுகளாகக் கையாண்ட பொருள்கள் அங்கேதான் கிடைக்கின்றன. அவர்களுடைய கைகள் வேதியியலை நன்கு அறிந்திருந்தன. 'ஏன்' என்னும் வினாவுக்கு விடை மட்டும் ஏட்டில் எழுதப்படவில்லை. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்ற அறிவு, மகன் வேறு தொழிலுக்குப் போன அன்றே அற்றுப்போகும். அவ்வாறு அற்றுப்போனவை பல. ஆதலால், அக்கைகள் செய்ததை மாணவர் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்து, அதன்பின் காரணத்தை ஆராய வேண்டும் என்பது ஆசிரியரின் கருத்து.

முதல் நாள் மஞ்சளோடு தொடங்கினார்கள். மஞ்சள்தூளை நீரில் கரைத்துச் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் நீர் குருதி போலச் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். "இது எங்கள் வீட்டு ஆலத்தி நீர்தானே!" என்று மாணவியர் சிரித்தனர். சுண்ணாம்பு காரம், எலுமிச்சைச் சாறு அமிலம், மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருள் காரத்தில் செந்நிறமும் அமிலத்தில் மஞ்சள் நிறமும் காட்டும். இவ்வளவும் அவர்கள் முன்பே படித்ததே. "அப்படியானால், மஞ்சளிலிருந்து செய்த குங்குமத்தின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்டார். மஞ்சளாகிவிடும் என்று எல்லோரும் ஒரே குரலில் கூறினர். வீட்டில் முறைப்படி செய்த குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்துச் சாறு விட்டபோது அது சிறிதும் நிறம் மாறவில்லை. வகுப்பு வாயடைத்துப் போயிற்று.

காரணம் வெங்காரத்தில் இருக்கின்றது. மஞ்சளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் குங்குமம் செய்யும்போது படிகாரத்தோடு வெங்காரமும் சேர்ப்பார்கள். வெங்காரத்தில் உள்ள போரான் என்னும் தனிமம், அமிலத்தின் துணையோடு குர்க்குமினைப் பற்றிக்கொண்டு ரோசோசயனின் என்னும் புதியதொரு சிவப்புப் பொருளை உண்டாக்குகிறது. ஆலத்தியின் சிவப்பு காரத்தால் வந்தது. குங்குமத்தின் சிவப்பு போரானால் வந்தது. கண்ணுக்கு இரண்டும் உறவுபோலத் தோன்றினும் பிறப்பு வேறு. பாட்டிமார் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர் என்பது ஐயமில்லை. அறிந்திராவிடில் ஒன்றைத் தட்டில் கரைத்துத் தெருவில் ஊற்றவும், மற்றொன்றைச் சிமிழில் ஆண்டுக்கணக்கில் வைக்கவும் துணிந்திருக்க மாட்டார்கள். கடையில் விற்கும் குங்குமம் பலவும் மஞ்சளால் ஆனவை அல்ல. அவற்றில் இச்சோதனை எதையும் காட்டாது.

மறுநாள் கடுக்காயின் முறை வந்தது. உலக வழக்கில் 'கடுக்காய் கொடுத்தான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். சாயத் தொழிலிலோ கடுக்காயைப் போல் நம்பத்தக்க பொருள் வேறு இல்லை. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலைப் பொடி செய்து, 10 கிராம் அளவு எடுத்து, கால் லிட்டர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினர். தேன் நிறமான கஷாயம் கிடைத்தது. மற்றொரு குவளையில் 2 கிராம் அன்னபேதியை நூறு மில்லிலிட்டர் நீரில் கரைத்தனர். அது வெளிர்பச்சையாக இருந்தது. அன்னபேதி என்பது இரும்பும் கந்தகாமிலமும் சேர்ந்து உண்டான உப்பு. தேன் நிறமும் பச்சை நிறமும் கலந்தால் என்ன நிறம் வரும் என்று ஓவிய வகுப்பில் கேட்டால் ஒரு விடை கூறலாம். இங்கே வந்ததோ கறுப்பு. மைக்கூட்டில் உள்ள மை போன்ற கறுப்பு. உண்மையில் அது மையேதான். கடுக்காயில் மிகுதியாக உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடி, காற்றுப் பட்டுக் கறுக்கின்றது. ஐரோப்பாவிலும் கடுக்காய்க்குப் பதிலாகக் கருவாலி மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் மாசிக்காயைக் கொண்டு இதே மையைப் பல நூற்றாண்டுகள் செய்து ஆவணங்களை எழுதினர்.

மாணவர் ஆளுக்கொரு குச்சியால் தாளில் வரைந்தனர். முதலில் சாம்பல் நிறமாக இருந்த கோடு சிறிது நேரத்தில் கருமை அடைந்ததைக் கண்டு மகிழ்ந்தனர். ஒருவன் தன் பெயரின்மேல் எலுமிச்சைச் சாறு தடவினான், பெயர் மறைந்துபோயிற்று. எலுமிச்சையின் அமிலம் இரும்பை டானினிடமிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இவ்விளையாட்டு அந்த வகுப்பில் அரைமணி நேரத்தை விழுங்கிற்று, ஆசிரியர் தடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கறுப்புக்கு ஒரு தீக்குணம் உண்டு. அன்னபேதி அளவுக்கு மிஞ்சினால் அதன் இரும்பும் அமிலமும் நாளடைவில் தாளையும் துணியையும் அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் பழைய ஓவியத் துணிகளைக் காண்போர், செம்மலர்கள் அழியாதிருக்க அவற்றைச் சூழ்ந்த கருங்கோடுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருத்தலைக் கவனிக்கலாம். இதனை அறிந்தே போலும், கலம்காரி வரைவோர் அன்னபேதியை விடுத்து வேறொரு வழியைக் கைக்கொண்டனர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானை நீரில் இட்டு இரண்டு மூன்று வாரம் மூடிவைப்பர். வெல்லம் புளித்துக் காடியாகும். காடி இரும்பைக் கரைக்கும். கந்தகாமிலத்தைப் போலக் காடி கொடியதன்று. ஆதலால் துணி நெடுநாள் உழைக்கும். பானையை எந்நாளில் திறப்பது என்பதை அவர்கள் நாவாலும் மூக்காலும் அறிந்தனர்.

மூன்றாம் நாள் நடந்ததே மாணவர்க்கு மிகவும் பிடித்த சோதனையாகும். காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து உலர்த்தி மூன்று கீற்றுகளாகக் கிழித்தனர். முதற் கீற்றை ஒன்றும் செய்யாது விட்டனர். இரண்டாவதைக் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திப் பின் படிகார நீரில் தோய்த்தனர். மூன்றாவதைக் கடுக்காய் நீரிலும் பின் அன்னபேதி நீரிலும் தோய்த்தனர். மூன்றையும் மஞ்சிட்டி வேர் ஊறிய ஒரே பாத்திரத்தில் இட்டு, கொதி வராதபடி இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தனர். ஒரே நீரிலிருந்து எடுத்த மூன்று கீற்றும் மூன்று நிறமாக வந்தன. ஒன்றும் செய்யாத கீற்று வெளிறிய இளஞ்சிவப்பாய் இருந்தது. குழாயடியில் அலசியதும் பெரும்பகுதி போய்விட்டது. படிகாரக் கீற்று செங்கல்லின் சிவப்பைக் கொண்டது. சவுக்காரம் இட்டுத் துவைத்தும் போகவில்லை. அன்னபேதிக் கீற்று கருஞ்சிவப்பாய் இருண்டிருந்தது.

'சாயம் வெளுத்துவிட்டது' என்று ஒருவரைப் பற்றிக் கூறும்போது, அவருடைய உண்மை வெளிப்பட்டதாகக் கருதுகிறோம். துணியின் சாயம் வெளுப்பதற்குக் காரணம், நூலுக்கும் நிறத்துக்கும் இடையே பிணைப்பு இல்லாமையே. பருத்தி நூல் மஞ்சிட்டியின் நிறத்தைத் தானாகப் பற்றாது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மற்றொரு கையால் நிறத்தையும் பிடித்துக்கொள்கிறது. இத்தகைய பொருளை நிறமூன்றி என்பர். பருத்தி படிகாரத்தையும் எளிதில் ஏற்பதில்லை. அதற்கு முன்னதாகக் கடுக்காயின் டானின் நூலில் ஏற வேண்டும். கடுக்காய் இல்லையேல் படிகாரம் இல்லை. படிகாரம் இல்லையேல் சிவப்பு இல்லை. பிடிப்பது அலுமினியமாயின் நிறம் சிவப்பு, இரும்பாயின் கருமை. மஞ்சிட்டியில் உள்ள நிறப்பொருள்களுள் ஒன்றுக்கு மேனாட்டு வேதியியலார் முஞ்சிஸ்டின் என்று பெயரிட்டனர். மஞ்சிட்டி என்னும் பெயரே அங்குச் சென்று உருத் திரிந்து நிற்கின்றது.

கலம்காரி ஓவியத்தின் மறைபொருளும் இதுவே. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் இரும்பு நீரால் கோடுகள் வரைவர். கோடு துணியைத் தொட்ட கணமே கறுக்கும். பாலில் உள்ள கொழுப்பு, நீர் பரவிக் கோடு தடித்துப் போகாதபடி காக்கும். எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே படிகார நீரால் எழுதுவர். படிகார நீருக்கு நிறம் இல்லை. எழுதியது தெரிவதற்காக அதில் சிறிது சாயம் கலப்பதும் உண்டு. பின்னர்த் துணி முழுவதையும் வேர்ச்சாயத்தில் இட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். எஞ்சிய இடத்தில் ஏறிய சாயம் அலசலிலும் வெயிலிலும் போய்விடும். ஓவியன் கண்ணுக்குப் புலப்படாத ஓவியத்தை முதலில் மனத்தில் கண்டு எழுதுகிறான். அதனைக் கண்ணுக்குக் காட்டுவது சாயப் பானை. தஞ்சை வட்டாரத்தில் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரோடு விளங்கும் கோயில் திரைச்சீலைகளும் தொம்பைகளும் இக்கலையின் பயனே.

இந்த வித்தையைக் கற்க ஐரோப்பியர் அடைந்த ஆவல் கொஞ்சமன்று. அவர்கள் நாட்டுத் துணியில் தீட்டிய வண்ணம் துவைத்தால் போய்விடும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணியோ துவைக்கத் துவைக்கப் பொலிவு பெற்றது. 1734-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் நெசவாளரையும் சாயத் தொழிலாளரையும் ஒருங்கே குடியமர்த்துவதற்காகச் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில், புதுச்சேரிக்கு வந்த பொலியோ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஓர் அரிய காரியத்தைச் செய்தார். பாரிஸ் நகரத்து வேதியியல் அறிஞராகிய து ஃபே அவரிடம் துணி ஓவிய முறையை அறிந்துவருமாறு கேட்டிருந்தார். பொலியோ தொழிலாளியின் அருகில் அமர்ந்து, அவர் செய்வதை வரிசையாக எழுதினார். எழுதியதோடு அமையாது, ஒவ்வொரு நிலை முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்து அந்த விவரத்தோடு சேர்த்துவைத்தார். கடுக்காய் ஏறிய துண்டு, கருங்கோடு வரைந்த துண்டு, சிவப்பு ஏறிய துண்டு என அவை பாரிஸ் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இன்றும் உள்ளன. சில ஆண்டுகள் சென்று, 1742-இல், கேர்தூ என்னும் பாதிரியாரும் இம்முறையை விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். எழுதிக்கொண்டவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கற்பித்த சாயக்காரரின் பெயரை எழுதிவைத்தவர் இல்லை.

ஆசிரியர் இவ்வரலாற்றைக் கூறியதும் மாணவர் தம் குறிப்பேட்டை வேறுவிதமாக நோக்கத் தொடங்கினர். அதுவரை 'துணி சிவந்தது' என்று மட்டும் எழுதிவந்தவர்கள், ஒவ்வொரு கீற்றிலிருந்தும் விரல் அகலத் துண்டு வெட்டி ஒட்டி, பக்கத்தில் எடையையும் நேரத்தையும் குறித்தனர்.

மஞ்சிட்டிக்கு முன் இக்கரையில் புகழ்பெற்றிருந்தது சாயவேர். மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு பூண்டின் வேர் அது. அதன் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1868-இல் ஜெர்மானியராகிய கிரேபே, லீபர்மன் இருவரும் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு செயற்கையாக ஆக்கிவிட்டனர். 1897 முதல் செயற்கை அவுரி நீலமும் சந்தைக்கு வந்தது. மூட்டை மூட்டையாக வேர் தோண்டியவரும் அவுரி விளைத்தவரும் தொழில் இழந்தனர். சாயப் பானைகள் கவிழ்ந்தன. அந்த வேதியியலை வெறுத்துப் பயனில்லை. மலிவான நிறமுள்ள ஆடையை ஏழையும் உடுத்தியது அதனால்தான். எனினும் பழைய முறை முற்றும் மறைந்தால், பழைய துணிகளைச் செப்பனிடவும் எவருக்கும் தெரியாது போகும். 1936-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி அவர்கள் தொடங்கிய கலாக்ஷேத்திரம், 1962-இல் திருவான்மியூருக்கு இடம் மாறிற்று. நடனத்துக்கும் இசைக்கும் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் நெசவுக் கூடமும் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா அவர்களின் ஊக்கத்தால் இயற்கைச் சாயமும் கலம்காரியும் அங்கே இடம்பெற்றன. ஆடுவோரின் சதங்கை ஒலிக்கும் வளாகத்தில் கடுக்காய் ஊறும் பானைக்கும் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம் சுண்ணாம்பு. அடையாற்று முகத்துவாரத்திலும் கடற்கரையிலும் கிடக்கும் கிளிஞ்சல்களை மாணவர் பொறுக்கி வந்தனர். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். நீர் தெளித்தால் கொதித்து நீறும். நீறும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆகவே நீற்றும் வேலையை ஆசிரியரே கண்ணாடி அணிந்து செய்தார். நீறிய சுண்ணாம்பில் தெளிந்த நீரை இறுத்து, பப்பாளிக் காம்பின் வழியாக வாயால் ஊதினர். மூச்சிலிருந்த கரியமில வாயு பட்டு நீர் பால்போல் ஆயிற்று. சூளையில் இழந்த வாயுவைச் சுண்ணாம்பு திரும்பப் பெற்று, மீண்டும் கிளிஞ்சலின் பொருளாகவே மாறியது. ஒருவரும் ஊதாமல் ஓர் இரவு திறந்துவைத்த சுண்ணாம்பு நீரின்மேல் கண்ணாடித்தகடு போன்ற மெல்லிய ஏடு படிந்திருந்தது. "இந்த ஏட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆசிரியர். அன்று வேறொன்றும் கூறவில்லை.

பின்னர் இரண்டு ஓட்டுத் துண்டுகளில் சுண்ணாம்பும் நுண்மணலும் கலந்த சாந்தைப் பூசினர். ஒன்று ஈரமாக இருக்கும்போதே, நீரில் மட்டும் இழைத்த காவியால் ஒரு மாணவி தாமரை வரைந்தாள். சாந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்ததால் விரைந்து வரைய நேர்ந்தது, ஓர் இதழ் கோணிற்று, திருத்த முடியவில்லை. மற்றொரு ஓட்டை நன்றாக உலரவிட்டு, அதன்பின் அதே காவியால் அதே தாமரையை நிதானமாக வரைந்தாள். அழகில் இரண்டாவதே மேம்பட்டது. இரண்டு வாரம் கழித்து இரண்டையும் ஈர விரலால் தேய்த்தனர். அழகிய தாமரை விரலோடு வந்துவிட்டது. கோணிய தாமரை அசையவில்லை. பசையும் இல்லை, பிசினும் இல்லை. சாந்திலிருந்து மேலே கசிந்த சுண்ணாம்பு நீர் காற்றின் கரியமில வாயுவை ஏற்று, காவித் துகள்களைத் தன்னுள் அடக்கிக் கல்லாக இறுகிவிட்டது. சுண்ணாம்பு நீரின்மேல் படிந்த அதே ஏடுதான் இது.

இந்த ஓட்டுத் துண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் கதையைக் கூறுவதற்கு வாயிலாயிற்று. முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் கீழே சோழர் கால ஓவியங்கள் மறைந்து கிடந்தன. மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அவற்றை 1931-இல் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவிந்தசாமி என்பவர். ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் நின்ற அந்நிறங்கள் எவ்வாறு சுவரில் ஒட்டின? இவ்வினாவை ஆராய்ந்தவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாராகிய பரமசிவன். ஓவியத்திலிருந்து உதிர்ந்த நுண்ணிய சாந்துத் துணுக்குகளைச் சோதித்து, பசைகொண்டு ஒட்டாமல், ஈரச் சுண்ணச் சாந்தின்மேலேயே அவை தீட்டப்பட்டன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1936-இல் இலண்டனில் வெளியாகும் 'நேச்சர்' இதழில் அம்முடிவு வெளிவந்தது. இத்தாலிய நாட்டு ஓவியர்க்கே உரியதென்று பலர் எண்ணியிருந்த முறையைச் சோழநாட்டு ஓவியர் நன்கு கையாண்டிருந்தமை அதனால் தெளிவாயிற்று. கோணிய இதழைத் திருத்த முடியாத மாணவி, அச்சுவரில் ஆளுயர உருவங்களைப் பிழையின்றி எழுதியவரின் கைத்திறத்தை மற்றவரைவிட ஒருபடி கூடுதலாகவே உணர்ந்திருப்பாள்.

பரமசிவன் அருங்காட்சியகத்துக்கு வந்தது ஓவியத்துக்காக அன்று, நோய்க்காக. எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள அவ்வருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. மண்ணுள் புதைந்து கிடந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் பல அங்கு வந்து சேர்ந்தன. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் விளங்குகிறார். காலத்தால் செம்பின்மேல் படியும் கரும்பச்சைக் களிம்பு ஒரு போர்வை, அதனால் கேடில்லை. ஆனால் சில திருமேனிகளில் வெளிர்பச்சையான பொடி புள்ளி புள்ளியாகப் புறப்பட்டது. துடைத்தால் சில நாளில் மீண்டும் வந்தது. வந்த இடம் குழிந்தது. மண்ணிலிருந்த உப்பின் குளோரின் செம்போடு சேர்ந்து உள்ளே தங்கியிருக்கும். மழைக்கால ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளியிடும். அமிலம் புதிய செம்பைத் தின்னும். தின்றதும் மீண்டும் அதே பொருள். மீண்டும் அதே அமிலம். கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் இது நிற்காது. கடற்காற்று வீசும் சென்னைக்கு இந்நோய் எளிதில் தீர்வதன்று. வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்ப்பது வழக்கம். பழந்திருமேனிக்கு அந்த உப்பே நஞ்சு. இதனைத் தடுக்கவே 1930-இல், கிரேவ்லி அருங்காட்சியகத் தலைவராக இருந்தபோது, அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டுப் பரமசிவன் அமர்த்தப்பட்டார்.

அவர் கையாண்ட மருந்து மின்சாரம். நோயுற்ற திருமேனியை எரிசோடாக் கரைசலில் நிறுத்தி எதிர்மின்வாயாக இணைப்பர். சுற்றிலும் இரும்பை நேர்மின்வாயாக வைப்பர். மெல்லிய மின்னோட்டம் நாட்கணக்கில் செல்லச் செல்ல, குளோரின் செம்பை விட்டு நீங்கி இரும்பின் பக்கம் போகும். களிம்பின் கீழே மறைந்திருந்த நகைகளும் மடிப்புகளும் வெளிப்படும். மின்சாரத்தில் இருவகை உண்டென்று 1730-களில் கண்டவர், புதுச்சேரித் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிய அதே து ஃபே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இம்முறைக்கும் குறை உண்டு. நோயோடு சேர்த்து, காலம் போர்த்திய களிம்புப் போர்வையையும் அது உரித்துவிடும். ஆதலால், 1960-களின் பிற்பகுதி முதல் பென்சோட்ரையசோல் என்னும் மருந்தால் செம்பின்மேல் காப்பு ஏற்படுத்தும் முறை உலகெங்கும் பரவியது. ஆயினும் மின்பகுப்பு இல்லாதிருந்தால் அந்நாளிலேயே பல திருமேனிகள் பொடியாகியிருக்கும்.

வகுப்பில் திருமேனிக்கு எங்கே போவது? உப்பும் புளிச்சாறும் தடவி ஒரு வாரம் ஈரத்தில் வைத்த செப்புத் தகடு போதுமானதாயிற்று. அதன்மேல் பச்சை பூத்திருந்தது. எரிசோடாவுக்குப் பதிலாகச் சலவைச் சோடாக் கரைசல், இரும்பு ஆணி, சிறிய மின்கல அடுக்கு. தகட்டைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. பச்சை மெல்ல மங்கிக் கபில நிறமாகி உதிர்ந்தது. தகட்டை எடுத்து விளக்கியதும் செம்பு பளிச்சிட்டது. வேலை முடிந்தது என்று மாணவர் கருதினர்.

"உப்பு போயிற்று என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆசிரியர் கேட்டார்.

வாலை வடிநீர் நிறைந்த குவளையில் தகட்டை ஓர் இரவு ஊறவைத்து, காலையில் அந்நீரில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளி விட்டுக் காரத்தை முறித்தபின், வெள்ளி நைட்ரேட் துளியை இட்டனர். தயிர்த் திப்பிபோல் வெள்ளை படர்ந்தது. உப்பு இன்னும் இருந்தது. ஒப்பிட்டு நோக்குவதற்காக மயிலாப்பூர்க் கிணற்று நீரிலும் ஒரு துளி இட்டனர். அதிலும் வெள்ளை வந்தது கண்டு, தகட்டைக் குழாயடியில் கழுவாமல் வடிநீரில் ஊறவைத்த காரணம் விளங்கிற்று. நீரை மாற்றினர். மறுநாள் மங்கலான வெண்மை. மீண்டும் மாற்றினர். அருங்காட்சியகத்திலும் இவ்வாறே நீரை மாற்றி மாற்றி, வெண்மை தோன்றாத வரையில் காத்திருப்பர் என்று ஆசிரியர் கூறியிருந்ததால் ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. குறிப்பேட்டில் துணித் துண்டுகளுக்கும் காவித் துகளுக்கும் அடுத்த பக்கத்தில் நாளும் எழுதிவந்தனர். ஐந்தாம் நாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே வந்து சோதனைக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தனர். துளி விழுந்தது. நீர் தெளிந்தே இருந்தது.